வெறும் நெற்றி

அவளைப் பற்றி எழுதலாமென்றால் எழுதுவதற்கு என்னிடம் பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், "அது வாணாம்மா, அது தீந்துபோச்சு" என்பாள். ஞானஸ்நானத்தில் கொடுக்கும் புதுப் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அதை எங்கள் சபை அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆரணியில் நெசவுத் தெருக்காரர்கள் அவளை வெறும் நெத்திக்காரி என்றார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர்தான். யோசித்துப் பார்த்தால் அவளுக்குப் பொருந்தியதும் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் ஆரணியில் உபதேசியார். பிரசங்கம் பண்ணலாம், ஜெபம் பண்ணலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். ஞானஸ்நானம் மட்டும் கொடுக்கக்கூடாது. அதற்கு மிஷன் வெள்ளைக்காரத் துரை வரவேண்டும். துரை பனிக்காலத்தில் ஒரு தடவை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார், சபையைப் பார்ப்பார், செய்யாறு பக்கம் போய்விடுவார். ஓலைக்கூரை போட்ட ஜெபவீடு, அதை ஒட்டினாற்போல் எங்கள் வீடு, பின்னால் கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். முருங்கைக்கீரை ஒடிக்கப் போனால் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டேதான் ஒடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் பயந்தேன். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அவளுடைய குணம் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், பாக்கியெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். தன்னைப் பற்றி யார் எதை நினைத்தாலும் 'அப்படியில்லை' என்று சொல்லமாட்டாள். பழி வந்தால் வரட்டும். கேட்டால், "ஆண்டவருக்குத் தெரியும்" என்பாள். அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. நான் நேர் எதிர். என்மேல் ஒருத்தி ஒன்று சொல்லிவிட்டாள் என்றால், அவள் வாசலிலேயே போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆகையால் அவளிடம் எனக்குக் கோபம் வராத நாளே கிடையாது. அவள் செத்து இத்தனை காலம் ஆனபிறகும் வருகிறது.

பிடியரிசி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து ஜெபவீட்டில் காணிக்கையாகக் கொட்டுவோம். அவள் கொண்டுவருவது எப்போது பார்த்தாலும் நொய். எங்கள் சபை மூப்பர் ஒரு நாள் அதை விரலால் கிளறிவிட்டு, நல்ல அரிசியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு குருணையை ஆண்டவருக்குக் கொண்டுவரலாமா என்று எல்லார் எதிரிலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமும் நொய்தான் கொண்டுவந்தாள். எனக்கே முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதுவும் நொய்தான். முழு அரிசியை அந்த வீடு பொங்கலுக்குத்தான் பார்க்கும் போலிருக்கிறது. தாங்கள் சாப்பிடுவதில் ஒரு பிடியைத்தான் அவள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள். இதை மூப்பரிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். "அரிசி அவருக்கா குடுக்கறோம்?" என்று சொல்லிவிட்டு அகப்பையை எடுத்துக் கஞ்சியைக் கிண்டினாள்.

நெசவுத் தெருப் பெண் எங்கள் ஜெபவீட்டுக்கு எப்படி வந்தாள் என்று கேட்கலாம். தாது வருஷப் பஞ்சம்தான் காரணம். சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் பட்டுப் புடவை யார் வாங்குவார்கள்? தறிகளெல்லாம் நின்றுபோயின. அவளுக்கு ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தையாவது பிழைக்கட்டும் என்று எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அப்போது துரைமார்கள் தானியம் கொடுத்துப் பஞ்சத்துப் பிள்ளைகளை உபதேசிமார் வீடுகளில் வைத்து வளர்த்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் பெண்ணைக் கூட்டிப்போக வந்தாள். கண்ட வீட்டிலும் சாப்பிட்ட பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று தெருவார் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். ஆகையால் குழந்தை எங்களிடமே தங்கியது. ஞானஸ்நானம் வாங்கிச் சுகிர்தம் என்று பெயர் பெற்றது. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. சுகிர்தத்துக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றவள் வந்து ஜெபவீட்டு வாசலில் நின்று மகள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள்.

கொஞ்ச வருஷத்துக்கெல்லாம் சுகிர்தம் காய்ச்சலில் விழுந்தாள். என்ன செய்தும் இறங்கவில்லை. பெற்றவளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்தக் குழந்தை கொஞ்சங்கூடப் பயப்படவில்லை. "நான் இயேசப்பாகிட்ட போறேம்மா. நீயும் வரணும்" என்றது. "வரேன்" என்றாள். அழவில்லை, விளக்கம் கேட்கவில்லை. கடைத்தெருவுக்குக் கூப்பிட்டால் சொல்வதைப்போல வரேன் என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் கடைசி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தத்தை வேலிக்குப் பின்னால் அடக்கம் பண்ணினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெபவீட்டுக்கு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. குங்குமத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

இது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது இந்தக் காலத்தாருக்குப் புரியுமோ என்னவோ. புருஷன் கல்லுப்போல இருக்கிறான். கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? கட்டினவன் உயிருக்கு உலை வைக்கிறாள் என்றார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அதைவிடக் கஷ்டம் தொழிலில் வந்தது. விடியற்காலையில், தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிபண்ணுவதற்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து கை கொடுப்பது அந்தத் தெரு வழக்கம். அந்த வீட்டுப் பாவுக்கு மட்டும் ஒருவரும் வராமல் நின்றுவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத் தாங்களாகவே ஓடி ஓடிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் புருஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் மார்க்கத்துக்கு வரவே இல்லை. காலையில் குளித்துப் பட்டையாக விபூதி பூசாமல் தறியில் கால் வைக்கமாட்டார். அவளை அடித்துத் திருத்தக்கூடாதா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "எந்நெத்தி என்து, அவ நெத்தி அவ்ளுது" என்று சொல்லிவிட்டாராம். அவரும் அதிகம் பேசுகிறவரில்லை. இப்படி இரண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க என்னதான் செய்வார்களோ என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். மகள் கல்லறைமேல் முளைத்த புல்லைப் பிடுங்குவாள். அதோடு விடமாட்டாள். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு, முள்ளையும் கல்லையும் பொறுக்கிச் சுத்தம் பண்ணுவாள். இது எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். "இது என் எடங்க" என்றாள். ஞானஸ்நானம் வாங்காதவர்களை அங்கே அடக்கம் பண்ணக்கூடாது என்று சபையில் கட்டளை. அதனால் அவள் ஆசையெல்லாம் துரை வரும் நாள்மேல் இருந்தது. அவளாகக் கேட்டு வாங்க நினைத்தது அது ஒன்றுதான், வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பனிக்காலத்தில் துரை வந்தார். ஞானஸ்நானத்துக்கு நிற்கிறவர்களை மூப்பரை வைத்துக்கொண்டு விசாரித்தார். அன்றைக்குப் பார்த்து அவள் வீட்டுத் தறியில் பாவு தீர்ந்துவிட்டது. கல்யாணப் புடவை, வியாபாரி விரட்டிக்கொண்டிருந்தான். ஒரு பாவு தீர்ந்தால் அதன் நுனியில் தொங்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். அது பெண்கள் வேலை. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். பட்டோ வழுக்கும். அதனால் ஒரு கொட்டாங்கச்சியில் அடுப்புச் சாம்பலை வைத்துக்கொண்டு, விரலில் தொட்டுத் தொட்டுத்தான் பிணைப்பார்கள். அவள் விடிந்ததிலிருந்து தறிக்குள் குனிந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். துரை கூப்பிடுகிறார் என்று ஆள் போனதும் அப்படியே எழுந்து ஓடிவந்திருக்கிறாள். வழியில் வியர்வையை அந்த விரல்களாலேயே நெற்றியில் வழித்திருக்கிறாள். ஜெபவீட்டுக்குள் வந்து துரை முன்னால் நின்றபோது அவள் நெற்றியில் சாம்பல் பட்டை பட்டையாக இருந்தது.

மூப்பர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தேவிகாபுரத்துப் பக்கம் பெரிய சைவக் குடும்பத்தில் பிறந்தவர். விபூதியை விட்டதற்காக அவருடைய தகப்பனாரே அவரைத் துரத்திவிட்டு, மகன் உயிரோடிருக்கும்போதே கருமாதி பண்ணித் தலைமுழுகிவிட்டாராம். நெற்றியில் சாம்பலைக் கண்டால் அவருக்கு அந்த ஞாபகம்தான் வரும். அவர் எழுந்து நின்று அவள் நெற்றியைத் துரைக்குக் காட்டினார். இது என்ன என்று துரை கேட்டார். அவள் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்து, "சாம்பலுங்க" என்றாள். வீட்டில் இன்னும் சாம்பல் உண்டா என்று மூப்பர் கேட்டார். "உண்டுங்க" என்றாள். ஊருக்கு ஒன்று எங்களுக்கு ஒன்றா என்று அவர் குரலை உயர்த்தியதற்கு, "ஆண்டவருக்குத் தெரியும்ங்க" என்றாள். அதோடு சரி. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று துரை சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். வெம்பாக்கத்தில் ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளை, அவருக்கு நெசவைப் பற்றி என்ன தெரியும்? நானோ துரைக்குக் கோழிக்குழம்பு வைத்துக்கொண்டு அடுப்படியில் கிடந்தேன். துரை வண்டி செய்யாற்றுக்குப் புறப்பட்டுப் போன பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. "அய்யோ, அது பாவு பிணைக்கிற சாம்பல்" என்றேன். என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. அடுத்த பனிக்காலத்தில் துரை வந்ததும் தாமே சொல்வதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மூப்பரிடம் சொன்னதற்கு, அப்படியானால் அவள் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நேரே நெசவுத் தெருவுக்குப் போனேன். அவள் மிச்சம் இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் கொட்டாங்கச்சி. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா, வேலைச் சாம்பல் என்று சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும், வெறும் நெற்றிக்காக ஊரெல்லாம் உன்னைத் துப்பினதே, அதெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை. பிணைத்துக்கொண்டே சொன்னாள்:

"சாம்பல் இருந்தா வாணாம், இல்லன்னா உள்ள வான்னு சொன்னா, அப்ப நம்பறது எதுக்குங்கம்மா?"

அவள் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காக இதைத்தான் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். நம்முடைய நல்ல காரியத்தினால் அல்ல, விசுவாசத்தினால் மட்டுமே ரட்சிப்பு என்று. நாங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். இவள் ஒருத்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆனாலும் ஒன்று. அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. விசுவாசம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

அடுத்த பனிக்காலத்தை அவள் பார்க்கவில்லை. ஆடி மாதம் ஊரில் வாந்திபேதி வந்தது. நெசவுத் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டினார்கள். அவளுக்குக் கண்டுவிட்டது என்று அவள் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றார். போகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். நான் கேட்கவில்லை.

காலையில் கண்ட நோய், வெயில் ஏறுவதற்குள் ஆளை உறிஞ்சிவிட்டிருந்தது. தறிக்குப் பக்கத்தில் ஒரு கோரைப்பாயில் கிடந்தாள். கண் மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு மனசு பதறிவிட்டது. துரை எங்கே, ஆரணி எங்கே? ஆனது ஆகட்டும், உபதேசியாரையே கூட்டிவந்து தலையில் தண்ணீர் ஊற்றி ஒரு பெயரை வைக்கச் சொல்கிறேன், வருகிற வம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் காதருகே சொன்னேன்.

"அவர பேஜார் பண்ணாதீங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "தண்ணி ஊத்தறதுன்னா வாயில ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். அழுதுகொண்டேதான் ஊற்றினேன். இரண்டு மிடறு இறங்கியது. சுகிர்தத்தைப் பார்க்கப் போகிறாய் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

சுமங்கலியாகச் செத்தவளுக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அனுப்புவது அந்தத் தெரு வழக்கம். நோய்க்குப் பயந்தாலும் நாலு பெண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். உயிரோடிருந்தபோது வைத்துக்கொள்ளாதவள் இப்போதாவது வைத்துக்கொள்ளட்டும் என்று ஒருத்தி கையை நீட்டினாள். அவள் புருஷன் நடுவில் வந்து நின்றார். "அவ நெத்தியில யாரும் கை வெக்காதீங்க. இருந்தாப்பலயே போவட்டும்" என்றார். அந்த மனுஷன் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான்.

பிறகு அவர் எங்கள் மூப்பர் வீட்டுக்குப் போய், மகள் பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுக்கும்படி கேட்டார். மூப்பர் முடியாது என்று சொன்னார். ஒருத்திக்குக் கொடுத்தால் கட்டளை என்று ஒன்று எதற்கு என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியதாம். கலங்கி என்ன பிரயோஜனம்? அன்றைக்கு நான் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவள் முள் பொறுக்கிவைத்த இடம் அப்படியே கிடந்தது. அவளை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள்.

சில நாள் கழித்து விடியற்காலையில் கீரை ஒடிக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்திருப்பது தெரிந்தது. அவள் புருஷன்தான். சுகிர்தத்தின் கல்லறைக்குப் பக்கத்தில், அவள் துப்புரவு பண்ணிவைத்த இடத்தில், கையாலேயே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார். தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டு ஒன்றில் ஒரு சின்ன மூட்டை பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"பாதிய ஆத்துல கரைச்சிட்டேங்க, எங்காளுங்க பாத்துகினு இருந்தாங்க. மீதிய இவ எடத்துக்கு எடுத்துகினு வந்துட்டேன்" என்றார். "பொணத்ததானங்க மூப்பரு வாணான்னாரு. இது சாம்பல்தானேங்க."

நான் உள்ளே போய்க் களைக்கொட்டை எடுத்துவந்து கொடுத்தேன். ஆழமாகப் பறித்தார். மூட்டையை அவிழ்த்து, கையால் அள்ளி அள்ளிப் போட்டார். கொட்டவில்லை, அள்ளித்தான் போட்டார். மண்ணை மூடினபிறகு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் உங்க சாமிய நம்பலங்க. பொய் சொல்லக்கூடாது. ஆனா அவ நம்பினது நெசம், அத நான் நம்பறேன். அவகிட்ட போறதுக்கு அது போதுங்களா, அம்மா?"

உபதேசியார் பெண்டாட்டி நான். ஞானோபதேசக் கேள்வியும் பதிலும் எனக்கு மனப்பாடம். இதற்கு என் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்வார், மூப்பர் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. "ஆண்டவருக்குத் தெரியும்ங்க" என்றேன். அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூட்டிய அதே வார்த்தை.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பட்டுத் துண்டை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டார். துக்க வீட்டுக்காரர், அன்றைக்கு அவர் விபூதி பூசியிருக்கவில்லை. முகத்தைத் துடைத்த விரல்களிலிருந்து அவளுடைய சாம்பல் அவர் நெற்றியில் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. நான் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.